எட்டு எல்இடி பாருக்கு எந்தக் கலர் போடுவது?

கேள்வி, 9 மார்ச்

ஏப்ரலில் தமிழ் மொழி விழாவையொட்டி சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் 40 நிமிட நாட்டிய நாடகம் போடுகிறோம். எட்டு எல்இடி பார் விளக்கு, அவற்றை மாட்ட நாலு டி-ஸ்டாண்ட், இயக்கச் சின்னக் கன்சோல் ஒன்று வாடகைக்கு எடுத்தாயிற்று. எனக்கு வேண்டியது மூன்றே எஃபெக்ட்: நிலா வெளிச்சம், கோயில் விளக்கு, பழைய நினைவு. எந்தக் கலருக்கு எந்த எண் என்று யாராவது பட்டியல் கொடுத்தால் போதும். போன ஒத்திகையில் இரவுக் காட்சிக்கு நீலம் போட்டேன். பெண்களின் முகமே காணாமல் போய்விட்டது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இருந்தால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றுதானே சொல்கிறார்கள்?

பதில், 9 மார்ச், இரவு 11.50

பட்டியல் தரமாட்டேன். ஸ்டாண்ட் எங்கே நிற்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லையே.

20 வருடமாகத் தமிழ் நாடகங்களுக்கு லைட் போடுகிறேன் (பகலில் ஏர்கான் சர்வீஸ், அதனால்தான் ஏணி பயமில்லை). வருகிறவர்கள் எல்லாரும் கலரைத்தான் கேட்கிறார்கள். கலர் கடைசி வேலை. விளக்கு எங்கிருந்து அடிக்கிறது, எவ்வளவு அகலம், ஓரம் கூர்மையா மழுங்கலா, எவ்வளவு பிரகாசம், இதெல்லாம் முடிந்த பிறகுதான் அது.

நம்பாவிட்டால் இப்போதே குளியலறைக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். நேர் எதிரே பிடித்தால் அடையாள அட்டைப் படம். உச்சந்தலைக்கு மேலே பிடித்தால் கண் இரண்டும் குழி. தாடைக்குக் கீழே பிடித்தால் பேய். காதுப் பக்கம் பிடித்தால் பாதி முகம், பாதி ரகசியம். ஒரே வெள்ளை டார்ச், நாலு எஃபெக்ட்.

10 மார்ச், காலை 6.40

படம் அனுப்பியதற்கு நன்றி. நினைத்தது சரிதான். நாலு ஸ்டாண்டும் மேடைக்கு முன்னால், பார்வையாளர் பக்கத்தில், அணிவகுத்து நிற்கின்றன.

கணக்கைப் பாருங்கள். ஸ்டாண்டின் உச்சி மேடைத் தரையிலிருந்து 3 மீட்டர், ஆடுகிறவரின் முகம் 1.5 மீட்டர். வித்தியாசம் 1.5. நீங்கள் ஸ்டாண்டை நிறுத்தியிருப்பது 5 மீட்டர் தள்ளி. கோணம் 17 டிகிரிதான் வரும். ஏறக்குறைய நேரடி. அதனால்தான் முகம் தோசைக்கல் மாதிரி தட்டையாகத் தெரிகிறது, பின்னால் விழா பேனர்மேல் நாலு நிழல் ஆளுயரத்துக்கு விழுகின்றன. 45 டிகிரி வேண்டுமென்றால் ஒன்றரை மீட்டருக்குள் வர வேண்டும். அது முன்வரிசைப் பாட்டியின் மடியில் ஸ்டாண்டை வைப்பது போல.

45 டிகிரி எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளியமைப்பு கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1930களில் பரப்பிய முறை. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னாலிருந்து இரண்டு விளக்கு, இடது 45, வலது 45, உயரமும் 45. ஒன்று இளஞ்சூடான நிறம், மற்றது குளிர்நிறம். முகத்தில் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல் என்ற தோற்றம் வரும். உலகம் முழுக்க ஆரம்பப் பாடம் இதுதான். எனக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் குளிர்ப்பக்கத்தில் பலர் போடும் எஃகு நீலம் நம் மாநிறத்தின்மேல் விழுந்தால் சாம்பல் பூசியது போல் ஆகும். நான் அந்தப் பக்கத்துக்கு வெளிர் ஊதாவைத்தான் போடுவேன். அதில் கொஞ்சம் சிவப்பு இருப்பதால் தோல் செத்துப்போகாது.

எட்டு விளக்கில் இதைச் செய்ய முடியுமா? முடியாது. அதனால் முன்பக்கத்துக்கு இரண்டு ஸ்டாண்ட் மட்டும், இரண்டு ஓரத்திலும் நன்றாக விலக்கி. மீதி இரண்டும் மேடைப் பக்கவாட்டுக்குப் போகட்டும். மாலையில் விளக்குகிறேன், கிளமெண்டியில் ஒரு கம்ப்ரசர் காத்திருக்கிறது.

10 மார்ச், இரவு 10.15

"எல்இடி பாரும் பிரெனலும் புரொஃபைலும் எல்லாம் லைட்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கரண்டி, கத்தி, ஜல்லடை மாதிரி.

பார் என்பது வாளியால் தண்ணீர் கொட்டுவது. பழைய பார் 64இல் அந்த 64, அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளின் கணக்கு. அதாவது பல்பின் விட்டம் 8 அங்குலம். ஒளி முட்டை வடிவில் விழும். பின்னால் கைவிட்டுப் பல்பைச் சுற்றினால் முட்டை படுக்கும், நிமிரும். உங்கள் எல்இடி பாருக்குப் பெயர் மட்டும்தான் மிச்சம், சுற்றினாலும் எதுவும் நடக்காது. அகலத்தை மாற்ற வேண்டுமானால் தள்ளி வைக்க வேண்டும்.

பிரெனல் அகலமும் குறுகலும் தரும், ஓரம் மழுங்கல். பிரெஞ்சு விஞ்ஞானி பிரெனல் கலங்கரை விளக்குக்காகச் செய்த வளையம் வளையமான லென்ஸ். 1823இல் கோர்டுவான் கலங்கரை விளக்கில் முதலில் ஏற்றினார்கள். உள்ளே பல்பை லென்ஸுக்கு அருகில் நகர்த்தினால் ஒளி குறுகும், தள்ளினால் விரியும். முன்னால் ஒளியை மறைத்து வெட்ட நாலு இறக்கை வைத்த பார்ன்டோர்.

புரொஃபைல்தான் கத்தி. ஓரத்தைக் கூராக வெட்டலாம், லென்ஸ் குழாயை நகர்த்தி மழுக்கலாம், நாலு ஷட்டர் தகட்டால் சதுரமாக்கலாம், கோபோ (வடிவம் வெட்டிய தகடு) போட்டு இலை நிழல், ஜன்னல், நிலா காட்டலாம். 1992இல் வந்த சோர்ஸ் ஃபோர் இந்த வகைதான். 19, 26, 36, 50 டிகிரி என்று குழாய் மாற்றிக்கொள்ளலாம்.

11 மார்ச், காலை 7.05

நேற்று பிரெனல் பற்றி எழுதியது தலைகீழ். பல்பு லென்ஸை நெருங்கினால் விரியும், விலகினால் குறுகும். கை சரியாகச் செய்கிறது, எழுத உட்கார்ந்தால் வாய் தப்பாகச் சொல்கிறது. மேடையில் யாரும் இதை யோசிப்பதில்லை. திருகைத் திருப்பிப் பார்த்து வேண்டிய இடத்தில் நிறுத்துவோம்.

11 மார்ச், இரவு 11.30

தலைகீழ் என்றதும் ஞாபகம் வந்தது. இது கேள்விக்குப் பதில் இல்லை, சொல்லிவிட்டுப் போகிறேன்.

புரொஃபைலில் லென்ஸ் பிம்பத்தைக் கவிழ்க்கும். மேல் ஷட்டரை உள்ளே தள்ளினால் ஒளியின் கீழ்ப்பகுதி வெட்டுப்படும். முதல் நாடகத்தில் ஏணி மேல் நான். கீழிருந்து இயக்குநர், "மேலே வெட்டுப்பா, திரைச்சீலையில அடிக்குது" என்கிறார். மேல் ஷட்டரைத் தள்ளினேன். கதாநாயகனுக்குப் பாதம் போயிற்று. இன்னும் தள்ளச் சொன்னார். முழங்கால் போயிற்று. இடுப்பு வரை போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வருடம் பிறைநிலா. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கம். மூன்றாம் பிறை இங்கே மேற்கு வானில் தோணி போல மல்லாந்து கிடக்கும். அப்படியே காட்ட வேண்டும் என்று பிடிவாதமாகத் தகட்டில் வெட்டி, தோணி போலவே நிமிர்த்திச் செருகினேன். திரையில் குடை போலக் கவிழ்ந்தது. கதாநாயகி அதைப் பார்த்து நாலு வரி கவிதை சொல்லிக்கொண்டிருந்தாள். இடைவேளையில் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "மழைக்காலமோ?" என்றார்.

எழுத்துள்ள கோபோவானால் இன்னும் கவனம். விளக்குக்குப் பின்னால் நின்று, எழுத்து நேராகப் படிக்கும்படி பிடித்து, முன்பின் புரட்டாமல் அப்படியே அரைச்சுற்று சுற்றிச் செருகுங்கள். புரட்டிவிட்டால் கண்ணாடியில் படிக்க வேண்டியிருக்கும்.

14 மார்ச், இரவு 9.20

சரி, இரவுக் காட்சி. முகம் ஏன் காணாமல் போனது?

சுத்த நீல ஒளியில் சிவப்பு கிடையாது. நம் தோலின் உயிர் சிவப்பிலும் மஞ்சளிலும்தான் இருக்கிறது. அது மட்டுமா? நெற்றிப்பொட்டு கறுப்பாகும். விரல்நுனியில் பூசிய ஆல்தாச் சிவப்பு கறுப்பாகும். முத்திரை பிடித்தால் மை தொட்டுக்கொண்ட கைபோல் தெரியும். அரக்குச் சேலை கரிமூட்டை. இதே தொல்லை மறுபக்கமும் உண்டு: கிளிப்பச்சைப் பட்டின்மேல் சுத்தச் சிவப்பு அடித்தால் பட்டு கறுத்துப்போகும். ஒத்திகைக்குப் பருத்திச் சேலையில் வந்துவிட்டு அன்றைக்கு மட்டும் பட்டு உடுத்தினால் என் வேலை எல்லாம் வீண். உடையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நிலா வெளிச்சம் நீலமே இல்லை. சூரிய ஒளி பட்டுத் திரும்புவது, அதைவிடச் சற்று மஞ்சள்கூட. மங்கலில் நம் கண் சிவப்பை முதலில் இழந்துவிடுகிறது; நீலப் பக்கம் எடுப்பாகத் தெரிகிறது. பர்கின்யே விளைவு என்பார்கள். ஆக நீலம் கண்ணில் இருக்கிறது, வானத்தில் இல்லை.

செய்ய வேண்டியது: பின்பக்கம் ஒரு மூலையிலிருந்து உயரமாக நீலம். தலைமுடி, தோள், வளைந்த கை இவற்றுக்கு வெள்ளி விளிம்பு வரும். முன்னாலிருந்து வெளிர் ஊதா, மிகக் குறைவாக. இருட்டு என்பது ஒப்பீடுதான். இரவுக்கு முந்தைய காட்சியைப் பளிச்சென்று வைத்து ஐந்து விநாடியில் இறக்கினால் கொஞ்சம் வெளிச்சமே கும்மிருட்டாகத் தோன்றும். பிறகு பார்வையாளரின் கண் பழகிக்கொள்ளும்; அப்போது முகத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

எண் கேட்டீர்களே, தருகிறேன். பின்நீலம் 255. முன்பக்கம் சிவப்பு 60, பச்சை 35, நீலம் 70. அதிலிருந்து தொடங்கிக் கண்ணால் திருத்துங்கள்.

15 மார்ச், காலை 6.55

அந்த எண்களை வேறு பிராண்டு விளக்கில் போட்டால் வேறு நிறம் வரும். எண் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தந்தது என் பலவீனம்.

17 மார்ச், இரவு 10.40

கோயில் விளக்கு. இதில் எல்இடிமேல் எனக்குக் கோபம் உண்டு.

இழை பல்பை மங்கலாக்கினால் அது தானாகவே செம்பொன்னாக மாறும். முழு வெளிச்சத்தில் 3200 கெல்வின் என்ற வெண்மஞ்சள் நிறத்தில் இருப்பது, டிம்மரை இறக்க இறக்கக் குத்துவிளக்குக்கே வந்துவிடும். எல்இடி அப்படியல்ல, மங்கினாலும் அதே நிறம். சிவப்பையும் பச்சையையும் கலந்து மஞ்சள் செய்தால் சோடா பாட்டில் மஞ்சள் வரும், ஏனென்றால் இரண்டுக்கும் நடுவே உள்ள அலைகள் அதில் இல்லை. உங்கள் விளக்கில் ஆம்பர் (செம்மஞ்சள்) என்று நாலாவது நிறம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை மூலமாக வைத்துச் சிவப்பைத் தூவுங்கள்.

இறங்கும்போது கடைசியில் படிப்படியாகக் குதிக்கிறதா? கன்சோல் விளக்குக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் முறையில் ஒரு சேனலுக்கு 0 முதல் 255 வரை 256 படிதான். மேலே தெரியாது, அடியில் ஒவ்வொரு படியும் கண்ணில் குத்தும். மெனுவில் டிம்மர் வளைவு என்றொரு அமைப்பு இருந்தால் மெதுவானதை வையுங்கள்.

சுடர் ஆட்டத்துக்கு விளக்கை அணைத்து அணைத்துப் போடாதீர்கள், அது பழுதான டியூப்லைட். பக்கம் பக்கமாக இரண்டு விளக்கை வைத்து, ஒன்று 70 விழுக்காட்டிலிருந்து 60க்கு, மற்றது 55இலிருந்து 65க்கு, வேறு வேறு வேகத்தில். உயரம் முக்கியம்: விளக்கு இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். குத்துவிளக்கு தரையில்தானே நிற்கிறது.

வெளிச்சம் மெத்தென்று வர ஃபேர்பிரைஸ் கடையில் விற்கும் பேக்கிங் தாளை எல்இடி முகத்தில் ஒட்டலாம். பின்புறக் காற்றுத்துளையை மூடாதீர்கள். பழைய 1000 வாட் பாரில் இதைச் செய்தால் கேக் வேகாது, மண்டபம் வேகும்.

17 மார்ச், இரவு 11.05

1000 வாட் என்றதும் சிலர் தனிச்செய்தியில், "எல்இடி வேண்டாமா, பழைய பார் நாலு எடுக்கட்டுமா" என்கிறார்கள். நம்முடைய 13 ஆம்பியர் பிளக், 230 வோல்ட். பெருக்கினால் 2990 வாட். மூன்று பார் 3000. பத்து வாட்டில் ஃபியூஸ் உடனே போகாது, ஆனால் மண்டபத்தில் அதே சுற்றில் காப்பிக் கொதிகலன் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்தது நாடகத்தின் நடுவில்.

22 மார்ச், பிற்பகல் 3.10

பக்க ஒளி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நவம்பரில் எஸ்பிளனேட் அரங்கில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலைவிழா நடக்கும்போது ஓரத்து இருக்கையாகப் பார்த்து வாங்குவேன். மலிவு என்பது ஒரு காரணம். அங்கிருந்து எதிர்ப்பக்க விங்ஸுக்குள் (மேடையோர மறைவுக்குள்) தெரியும் என்பது இன்னொன்று. கம்பத்தில் கணுக்கால் உயரம், இடுப்பு உயரம், தலைக்கு மேல் என்று அடுக்கடுக்காக விளக்கு. முன்னாலிருந்து வருவது கொஞ்சம்தான். உடம்பு உருண்டு திரண்டு தெரிவது இந்தப் பக்க ஒளியால்.

பரதத்தில் இது இன்னும் அவசியம். அரைமண்டியில் உடம்பு இறங்கிவிடுகிறது. தலை உயர விளக்கு மட்டும் வைத்தால், நீட்டிய கையின் நிழல் சொந்த முகத்திலேயே விழும். ஒன்றை முழங்கால் உயரத்தில் வையுங்கள். கறுப்பு அலுமினியத் தாளை மடித்து விளக்கின் அடியில் செருகித் தரையில் ஒளி படாமல் வெட்டிவிட்டால் ஆடுகிறவர் அந்தரத்தில் மிதப்பார். உங்கள் பழைய நினைவுக் காட்சியும் இதில் தீர்ந்தது. முன்விளக்கை முழுதாக எடுத்துவிட்டு ஒரே பக்கத்திலிருந்து, ஜன்னல் வெயில் போல. பழுப்பு நிறம் போடவே வேண்டாம், கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கும்.

தூரத்தைக் கவனியுங்கள். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி. ஸ்டாண்ட் முதல் பெண்ணுக்கு 1 மீட்டரில், கடைசிப் பெண்ணுக்கு 5 மீட்டரில் என்றால் முதல் பெண்ணுக்கு 25 மடங்கு வெளிச்சம். ஸ்டாண்டை 2 மீட்டர் பின்னால் இழுத்தால் 3க்கு 7, வித்தியாசம் ஐந்தரை மடங்குக்கு இறங்கிவிடும்.

ஸ்டாண்ட் கால்களில் வெள்ளை டேப், அடியில் மணல்மூட்டை, விளக்குக்குப் பாதுகாப்புச் சங்கிலி. ஒளியைப் பார்த்துவிட்டு விங்ஸுக்குள் ஓடி வருகிறவருக்குக் கண் தெரியாது.

29 மார்ச், இரவு 11.55

இன்று ஒத்திகைக்கு நேரில் போயிருந்தேன். பக்க ஒளி அழகு. ஆனால் அம்மாக்கள் நாலு பேர் வந்து, "பிள்ளை முகம் தெரியலையேண்ணே" என்றார்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். பின்வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அவர்கள் சொன்னதுதான் சரி. அபிநயத்தில் கண்ணும் புருவமும் தெரியாவிட்டால் பதம் என்ற பாவப் பாட்டு எதற்கு? முன்பக்கம் மிகக் குறைவாக என்று 14ஆம் தேதி எழுதினேனே, பாவமில்லாத வெறும் ஆட்டமான நிருத்தத்துக்கு அது ஆகும், அபிநயத்துக்கு ஆகாது. பதம் வரும்போது முன்விளக்கைப் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டோம்.

கைப்பேசிப் படத்தில் கறுப்புக் கோடு ஓடுகிறது என்றார்கள். எல்இடி மங்குவது உண்மையில் வேகமாக அணைந்து அணைந்து எரிவது. கேமரா அதைப் பிடித்துவிடுகிறது. மெனுவில் அதிர்வெண் இருந்தால் கூட்டுங்கள். இந்த விளக்கில் இல்லை.

30 மார்ச், காலை 7.20

நேற்று நடுவில் மூன்று விளக்கு தானாகக் கண்ணடித்ததே, காரணம் கண்டுபிடித்தேன். இரண்டு காரணம்.

ஒன்று, முகவரி. விளக்கு ஒவ்வொன்றும் 7 சேனல் முறையில் இருக்கிறது. முதல் விளக்கு 1இல் தொடங்கினால் அடுத்தது 8, பிறகு 15. யாரோ ஒன்றை 3 சேனல் என்று நினைத்து 4இல் வைத்திருக்கிறார்கள். அதனால் முதல் விளக்கின் சேனல்களை அதுவும் சேர்ந்து படிக்கிறது. யாரோ என்பது நான்தான்.

இரண்டு, கேபிள். மைக் கேபிள் டிஎம்எக்ஸ் கேபிள் போலவே இருக்கும், நுழையும், கொஞ்ச தூரம் வேலையும் செய்யும். நீளமானால் சமிக்ஞை கடைசி முனையில் முட்டித் திரும்பி வந்து குழப்பும். கடைசி விளக்கில் 120 ஓம் மின்தடை ஒன்றைச் செருக வேண்டும். சிம் லிம் டவரில் மலிவாகக் கிடைக்கும்.

முன்பொரு முறை இதே கண்ணடிப்பு தில்லானாவின் நடுவில் நடந்தது. கூட்டம் எஃபெக்ட் என்று நினைத்துக் கைதட்டியது. நடன ஆசிரியை அடுத்த காட்சிக்கும் அது வேண்டும் என்றார்.

2 ஏப்ரல், இரவு 8.30

புகை மெஷின் பற்றி: மன்றத்தில் கேட்காமல் ஊதாதீர்கள். காற்றில் மெல்லிய புகை இருந்தால்தான் ஒளிக்கற்றை தூணாகத் தெரியும், உண்மை. புகை உணரி அதைத் தீ என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரோபும் வேண்டாம், வலிப்பு வரக்கூடியவர்கள் கூட்டத்தில் இருக்கலாம், வாசலில் அறிவிப்பு ஒட்டாமல் தொடவே கூடாது.

13 ஏப்ரல், இரவு 12.40

நடந்து முடிந்தது. 38 கியூ, அதாவது ஒளி மாற்றம், எழுதி வைத்திருந்தோம். கடைசி ஒத்திகையில் 16 ஆக வெட்டினோம், ஒன்றும் குறையவில்லை. குத்துவிளக்குக் காட்சியில் இரண்டாவது வரிசைக் குழந்தை ஒன்று எழுந்து கைகூப்பியது. நிலாக்காட்சி சுமார், பேனரில் அச்சடித்த மஞ்சள் எழுத்து நீலத்தில் பச்சையாகத் தெரிந்தது. அதை மறைக்கக் கறுப்புத் துணி கேட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

வாசலில் ஒரு பெண் வந்து, "அந்தப் பழைய நினைவுக் காட்சியில் என்ன கலர் போட்டீர்கள், அவ்வளவு நன்றாக இருந்தது" என்று கேட்டார். வெள்ளை என்றேன். நம்பவில்லை.

இரண்டாம் ஸ்டாண்டின் திருகு தேய்ந்திருக்கிறது. நாளை விளக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து எடுப்பவர் தலையில்தான் இறங்கும். பேக்கிங் தாளையும் உரித்துவிடுங்கள்.